மூக்கு அறுவையில் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் மருந்துகளும் வலியும்: ஒரு திறனாய்வு

மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் அகநோக்கி கொண்டு செய்யப்படும் அறுவையின்போது நோயாளியின் இரத்த அழுத்தத்தை மருந்து கொடுத்து வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பது மயக்கவியலில் நெடுநாள் வழக்கம். இது 'கட்டுப்படுத்தப்பட்ட இரத்த அழுத்தத் தாழ்வு' எனப்படும். இதற்கு எந்த மருந்து சிறந்தது என்பது குறித்து மருத்துவ இதழ்களில் ஏராளமான ஒப்பீட்டு ஆய்வுகள் வெளிவந்துள்ளன. எகிப்து, துருக்கி, ஈரான், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை அவற்றில் பல. இந்த ஆய்வுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எந்த மருந்து அழுத்தத்தை நன்றாகத் தாழ்த்துகிறது என்ற கேள்வியைவிட, அவ்வளவு தாழ்த்தத்தான் வேண்டுமா, நோயாளியின் வலிக்கு என்ன செய்தோம் என்ற கேள்விகள் முதன்மையானவை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஏன் தாழ்த்துகிறார்கள்?

சைனஸ் அகநோக்கி அறுவை ஆஸ்திரியாவின் மெசர்கிளிங்கர் வகுத்த அடிப்படைகளின் மேல் வளர்ந்தது. 1985-இல் கென்னடி எழுதிய கட்டுரைகள் அதை அமெரிக்காவில் பரப்பின. இந்த அறுவையில் மருத்துவர் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாய் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார். அதன் முனையில் ஒரு துளி இரத்தம் பட்டாலே திரை முழுதும் சிவந்துவிடும். எத்மாய்டு அறைகளின் ஒரு பக்கம் கண்குழி, மேலே மூளையின் அடித்தளம். ஸ்பீனாய்டு அறையின் பக்கச் சுவரை ஒட்டிப் பார்வை நரம்பும் உட்கரோட்டிடு தமனியும் செல்கின்றன. பார்வை மறைந்த நிலையில் கருவி அரை சென்டிமீட்டர் தவறினால் பார்வை போகலாம், மூளைத் தண்டுவட நீர் கசியலாம், உயிரும் போகலாம்.

ஆகவே இங்கு நோக்கம் இரத்த இழப்பைக் குறைப்பதன்று. பார்வைப்புலத்தைத் தெளிவாக வைப்பது. இடுப்பு மூட்டு, முதுகெலும்பு அறுவைகளில் அழுத்தத்தைத் தாழ்த்துவது இரத்தம் ஏற்றும் தேவையைக் குறைப்பதற்காக. மூக்கு அறுவையில் பெரும்பாலும் இரத்தம் ஏற்றும் தேவையே வருவதில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, உறிஞ்சு குப்பியில் சேர்ந்த அளவையே வெற்றிக்கு அளவுகோலாகக் காட்டும் ஆய்வுகள் உள்ளன. அந்தக் குப்பியில் கழுவப் பயன்படுத்திய உப்பு நீரும் கலந்திருக்கும் என்பது வேறு.

சுருக்கமான வரலாறு

அறுவையில் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தலாம் என்ற எண்ணத்தை 1917-இல் ஹார்வி குஷிங் முன்வைத்தார். 1946-இல் கார்ட்னர் தமனியிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து அழுத்தத்தைக் குறைத்து, அறுவை முடிந்தபின் அதைத் திரும்பச் செலுத்தினார். 1948-இல் கிரிஃபித்ஸ், கில்லிஸ் இருவரும் உயர்நிலைத் தண்டுவட மயக்கத்தால் அதே விளைவை அடைந்தனர். 1950-இல் எண்டர்பி நரம்புமுடிச்சைத் தடுக்கும் மருந்தையும் படுக்கையைச் சாய்க்கும் முறையையும் சேர்த்துக் கையாண்டார். 1960-களில் சோடியம் நைட்ரோபுருசைடு வந்தது. அதன்பின் பீட்டா தடுப்பிகள், ரெமிஃபென்டனில், டெக்ஸ்மெடிடோமிடின் எனப் பட்டியல் நீண்டது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய மருந்தின் தீங்கிலிருந்து தப்பிக்கப் புதிய மருந்தைத் தேடியது. தாழ்த்துவது தேவைதானா என்ற கேள்வி பெரும்பாலும் பின்னால் தள்ளப்பட்டது.

மருந்துகள் செயல்படும் இரு வழிகள்

இரத்த அழுத்தம் என்பது இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்த அளவும் குழாய்களின் தடையும் சேர்ந்து உண்டாக்குவது. ஆகவே அழுத்தத்தைக் குறைக்க இரண்டே வழிகள்: குழாய்களை விரிக்கலாம், அல்லது இதயத்தின் வெளியேற்றத்தைக் குறைக்கலாம்.

குழாய்களை விரிப்பவை நைட்ரோபுருசைடும் நைட்ரோகிளிசரினும். இவை அழுத்தத்தை விரைவாகத் தாழ்த்தும். ஆனால் அழுத்தம் விழுந்ததை உணர்ந்து இதயம் வேகமாகத் துடிக்கத் தொடங்கும். மூக்குச் சவ்வின் நுண்குழாய்களும் விரிந்திருக்கும். எனவே அளவுமானியில் எண் இறங்கியும் சவ்விலிருந்து இரத்தம் கசிந்துகொண்டே இருக்கலாம். நைட்ரோபுருசைடு உடலில் சிதையும்போது சயனைடு வெளிப்படுகிறது என்பது தனிக் கவலை. ஐசோஃபுளுரேன், செவோஃபுளுரேன் போன்ற ஆவி மயக்க மருந்துகளும் அளவு கூடும்போது குழாய்களை விரிப்பவையே.

இதயத்தை நிதானப்படுத்துபவை எஸ்மோலால் போன்ற பீட்டா தடுப்பிகள். எஸ்மோலாலின் அரைவாழ்வு சுமார் 9 நிமிடம். நிறுத்தினால் விரைவில் விளைவு நீங்கும். லாபெட்டலால் ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் தடுக்கும். அதன் அரைவாழ்வு பல மணி நேரம்.

இந்த இரு வழிகளின் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது 1995-இல் போசார்ட் குழுவினர் வெளியிட்ட சிறிய ஆய்வு. நைட்ரோபுருசைடையும் எஸ்மோலாலையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். எஸ்மோலால் பெற்றவர்களில் அழுத்தம் அதிகம் தாழாதபோதே பார்வைப்புலம் நன்றாக இருந்தது. இதிலிருந்து பெற வேண்டிய பாடம் எஸ்மோலாலின் பெருமையன்று. அழுத்த எண்ணும் இரத்தக் கசிவும் ஒன்றல்ல என்பதே பாடம். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டி இருப்பது, சராசரி அழுத்தத்தை இன்னும் 10 புள்ளி இறக்குவதைவிடப் பயன் தரக்கூடும்.

மூன்றாவது வகை மருந்துகள் மூளை, தண்டுவடம் வழியாகப் பரிவு நரம்பின் தூண்டலையே குறைப்பவை. குளோனிடினும் டெக்ஸ்மெடிடோமிடினும் இவ்வகை. குளோனிடின் 1960-களின் தொடக்கத்தில் மூக்கடைப்பு மருந்தாகவே சோதிக்கப்பட்டது. கொடுத்தவர்களுக்குத் தூக்கமும் அழுத்தக் குறைவும் வந்ததால் அதன் போக்கு மாறியது. டெக்ஸ்மெடிடோமிடின் ஆல்ஃபா-2 ஏற்பியின்மேல் அதைவிடப் பன்மடங்கு தெரிவுத்தன்மை கொண்டது. 1999-இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் அமைதிப்படுத்தும் மருந்தாக ஏற்கப்பட்டது. வழக்கமாகக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வீதம் 10 நிமிடத்தில் கொடுத்துவிட்டு, பின் மணிக்கு 0.2 முதல் 0.7 மைக்ரோகிராம் வரை தொடர்வார்கள். இதயத் துடிப்பு மிகக் குறைவதும் விழிப்பு தாமதமாவதும் இதன் விலை.

மெக்னீசியம் சல்பேட் மலிவானது. கால்சியம் செல்வதைத் தடுத்துக் குழாயைத் தளர்த்துகிறது. வலி உணர்வில் பங்குள்ள என்எம்டிஏ ஏற்பியையும் தடுக்கிறது. ஆனால் தசைத் தளர்த்தி மருந்தின் விளைவை நீட்டிக்கும். இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் அறுவை முடிந்தும் நோயாளி சரியாக மூச்சுவிட முடியாமல் போகலாம்.

வலியும் அழுத்தமும்

வலி அழுத்தத்தை உயர்த்தும். மயக்கத்தில் இருப்பவருக்கு வலி 'தெரியாது' என்றாலும் உடல் அதற்கு எதிர்வினை செய்கிறது: துடிப்பு கூடுகிறது, குழாய்கள் இறுகுகின்றன. அந்த உயர்வைக் கண்டு பீட்டா தடுப்பியோ நைட்ரோகிளிசரினோ கொடுத்தால் எண் சரியாகும். வலி அப்படியே இருக்கும். விழித்தபின் நோயாளி அதை அனுபவிப்பார். எனவே அழுத்தம் ஏறினால் முதலில் கேட்க வேண்டியது, மயக்கமும் வலிநீக்கமும் போதுமா என்பதே. இந்த வரிசை பல ஆய்வுகளின் வடிவமைப்பில் இல்லை.

இந்த நோக்கில் பார்த்தால் மருந்துகள் வேறு விதமாகப் பிரிகின்றன. நைட்ரோகிளிசரின், நைட்ரோபுருசைடு இரண்டுக்கும் அறுவை வலியை நீக்கும் தன்மை இல்லை. நைட்ரோகிளிசரின் தலைவலியையும் தரக்கூடும். எஸ்மோலால் உடலின் எதிர்வினையை அடக்குமே தவிர வலிநீக்கி மருந்தாகக் கொள்ளத்தக்கதன்று. ரெமிஃபென்டனில் வலுவான வலிநீக்கி. இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதிகளால் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதுவே அதன் குறையும் ஆகும். சொட்டு நின்றதும் வலிநீக்கமும் நின்றுவிடும். அதிக அளவில் கொடுத்தால் பின்னர் வலி உணர்வு கூடுவதும் உண்டு. ரெமிஃபென்டனிலைப் பயன்படுத்துபவர் அதை நிறுத்துவதற்கு முன்பே வேறொரு வலிநீக்கியைத் தொடங்கியிருக்க வேண்டும்.

டெக்ஸ்மெடிடோமிடினுக்கு ஓரளவு வலிநீக்கும் தன்மை உண்டு. மற்ற மருந்துகளின் தேவையையும் குறைக்கிறது. எஸ்மோலாலோடு அதை ஒப்பிட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது இது: பார்வைப்புலத்தில் பெரிய வேறுபாடு இல்லை, டெக்ஸ்மெடிடோமிடின் பெற்றவர்கள் முதல் வலிநீக்கியைத் தாமதமாகக் கேட்கிறார்கள், அவர்கள் விழிப்பதும் தாமதமாகிறது. அன்றே வீடு திரும்ப வேண்டிய நோயாளிக்கு இந்தத் தாமதம் பொருட்டானது. இரவு தங்குபவருக்கு அவ்வளவு இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் 'இது சிறந்தது' என்று முடிப்பது அரைகுறை முடிவு.

வலிக்கும் இரத்தக் கசிவுக்கும் ஒருசேர உதவுவது இடத்திலேயே கொடுக்கும் மருந்து. 1884-இல் கார்ல் கோலர் கண்ணில் கொக்கெய்னின் மரப்பு விளைவைக் காட்டினார். மரப்பையும் குழாய்ச் சுருக்கத்தையும் சேர்த்துத் தந்ததால் அது மூக்கிலும் நெடுங்காலம் பயன்பட்டது. இன்று அட்ரினலின் நனைத்த பஞ்சுப் பட்டைகளும் லிக்னோகைனோடு சேர்த்த ஊசியும் அந்த இடத்தைப் பெரிதும் பிடித்துள்ளன. ஸ்பீனோபாலட்டைன் நரம்புமுடிச்சை மரக்கச் செய்வதும் பயன் தருகிறது. தலையை 15 முதல் 20 பாகை உயர்த்தி வைத்தால் சிரைக் கசிவு குறையும். இவை உடல் முழுவதன் அழுத்தத்தையும் பெரிதாகத் தாழ்த்தாமலே புலத்தைத் தெளிவாக்கும் வழிகள்.

ஆய்வுகளின் குறைபாடுகள்

முதல் குறை ஒப்பிடும் முறையில் உள்ளது. பெரும்பாலான ஆய்வுகள் இரு குழுக்களிலும் சராசரி தமனி அழுத்தத்தை 55 முதல் 65 மி.மீ. பாதரசம் வரை ஒரே இலக்கில் வைக்கின்றன. மருந்து மட்டுமே வேறு. இத்தகைய ஆய்வு, அந்த அழுத்தத்துக்கு எந்த வழியில் போகலாம் என்று மட்டுமே சொல்லும். அங்கே போகத்தான் வேண்டுமா என்பதற்கு அதில் விடை இருக்க முடியாது. அழுத்தம் தாழ்த்தப்படாத ஒரு குழு இருந்தால்தான் அந்த விடை கிடைக்கும்.

இரண்டாவது குறை அளவுகோலில் உள்ளது. போசார்டின் அளவுகோல் 0 முதல் 5 வரை செல்கிறது. கசிவே இல்லையெனில் 0; உறிஞ்சி எடுப்பதைவிட வேகமாக இரத்தம் வந்து அறுவையைத் தொடர முடியாவிட்டால் 5. எளிமையான அளவுகோல்தான். ஆனால் அதை இடுபவர் அறுவை மருத்துவர்; அது அவருடைய கணிப்பு. அவருக்கு மருந்து தெரியாமல் மறைத்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அறுவை அரங்கில் துடிப்புமானியின் ஒலி எல்லார் காதிலும் விழும். டெக்ஸ்மெடிடோமிடின் பெற்றவரின் துடிப்பு 55-லும் நைட்ரோகிளிசரின் பெற்றவரின் துடிப்பு 95-லும் இருந்தால் மருந்தை ஊகிப்பது கடினமன்று.

மூன்றாவது, வேறுபாட்டின் அளவு. குழுவுக்கு 20 முதல் 50 பேர் வரை உள்ள ஆய்வுகளில் 'புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது' என்று வருவது பெரும்பாலும் ஒரு புள்ளிக்கும் குறைவான வேறுபாடு. புரோபோஃபோல் கொண்டு அழுத்தத்தைத் தாழ்த்துவது குறித்து 2013-இல் வெளியாகி 2016-இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் மீளாய்வும் இப்படித்தான் முடிகிறது: பார்வைப்புலம் சிறிது மேம்படலாம், மொத்த இரத்த இழப்போ அறுவை நேரமோ குறையவில்லை.

நான்காவது, பாதுகாப்பு பற்றிய முடிவு. 'தீய விளைவு எதுவும் ஏற்படவில்லை' என்ற வரி ஏறக்குறைய எல்லா ஆய்வுகளிலும் உண்டு. ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய கேட்டை 60 பேரிடம் தேடினால் கிடைக்காது. புள்ளியியலில் ஓர் எளிய விதி உண்டு: n பேரில் ஒருவருக்கும் கேடு வரவில்லை என்றால், உண்மை விகிதம் 3/n வரை இருக்கலாம். 60 பேர் என்றால் அது 20-இல் ஒன்று. எனவே அந்த வரி பாதுகாப்புக்குச் சான்றாகாது. இந்தியாவில் எம்.டி. படிப்புக்கு ஆய்வேடு கட்டாயம்; குறைந்த காலத்தில் முடிக்கத்தக்க சிறிய ஒப்பீடுகள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாணவர்களின் உழைப்பில் குறையில்லை. பல கல்லூரிகள் ஒரே கேள்வியைச் சேர்ந்து ஆராய்ந்தால் அந்த உழைப்பு வலுவான விடையாகும்.

எவ்வளவு தாழ்வு பாதுகாப்பானது?

அழுத்தம் மாறினாலும் மூளை தன் இரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். அந்தத் திறனுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. 1959-இல் லாசன் வரைந்த வளைவை வைத்து அந்த எல்லை 50 முதல் 60 என்று பாடநூல்கள் எழுதின. 1997-இல் டிரம்மண்ட் அதை மறுத்து, பலருக்கு அது 70-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கலாம் என்று எச்சரித்தார். ஆளுக்கு ஆள் எல்லை மாறும் என்பதே இன்றைய புரிதல்.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். 120/80 அழுத்தம் உள்ளவரின் சராசரி சுமார் 93. அதில் 30 விழுக்காடு குறைத்தால் 65. 160/100 உள்ளவரின் சராசரி 120. அவரையும் 65-க்குக் கொண்டுவந்தால் அது 30 அன்று, 46 விழுக்காட்டுக் குறைவு. 'இலக்கு 60–65' என்று எல்லாருக்கும் ஒரே எண் வைப்பதன் ஆபத்து இதுதான். தலை உயர்த்தப்பட்டிருப்பதையும் சேர்க்க வேண்டும். இதயத்துக்கும் காதுக்கும் இடையே 30 செ.மீ. எனக் கொண்டால், 20 பாகை சாய்வில் தலை சுமார் 10 செ.மீ. மேலே இருக்கும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 0.77 மி.மீ. பாதரசம் குறையும். கையில் 60 காட்டும்போது மூளையின் மட்டத்தில் அது 52. ஆய்வுக் கட்டுரைகள் எந்த மட்டத்தில் அளந்தன என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

2013-இல் வால்ஷ் குழுவினர் இதயம் சாராத சுமார் 33,000 அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். சராசரி அழுத்தம் 55-க்குக் கீழே சிறிது நேரம் இருந்தவர்களிடமும் சிறுநீரகப் பாதிப்பும் இதயத்தசைப் பாதிப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. அது வேண்டுமென்றே தாழ்த்தப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வன்று; இளம் வயதினரான சைனஸ் நோயாளிகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. எனினும் 55 என்பதை எளிதாகத் தொட்டுவிட்டு வரலாம் என்ற துணிவுக்கு அது தடை போடுகிறது.

மருந்தே கேடாகும் இடங்கள்

மூக்குச் சதைவளர்ச்சிக்காக அறுவைக்கு வருபவர்களில் பலருக்கு ஆஸ்துமா உண்டு. அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரின் வகை மருந்துகள் மூச்சிறுக்கத்தைத் தூண்டும். லாபெட்டலால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. வலிக்குக் கொடுக்கும் கீட்டோரோலாக் ஆஸ்பிரின் ஒவ்வாதவருக்கு ஆகாது. அறுவைக்கு முன் கேட்கும் இரண்டு கேள்விகள் இந்தக் கேட்டைத் தவிர்க்கும்.

இன்னொன்று இன்னும் கொடியது. கசிவை நிறுத்த மூக்கில் இடும் ஃபீனைலெஃப்ரின் உடலில் கலந்து அழுத்தம் திடீரென ஏறலாம். அதைக் கண்டு பதறி லாபெட்டலால் போன்ற பீட்டா தடுப்பி கொடுத்தபோது நுரையீரல் நீர்க்கோப்பும் இதய நிறுத்தமும் ஏற்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்து, நியூயார்க் மாநிலத்தில் வகுக்கப்பட்ட வழிகாட்டுதல் 2000-இல் வெளியானது. குழாய்கள் இறுகியிருக்கும்போது இதயம் தன் முழு வலிமையோடு தள்ளித்தான் இரத்தத்தை ஓட்டுகிறது. அந்த வலிமையைப் பீட்டா தடுப்பி பறித்துவிடுகிறது. அந்த உயர்வு பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே அடங்கும். அடங்காவிட்டால் மயக்கத்தை ஆழமாக்குவதோ குழாயை நேரடியாக விரிக்கும் மருந்தோ வழி. எண்ணைப் பார்த்தவுடன் மருந்து ஏற்றும் பழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை.

அறுவை முடியும் நேரமும் கவனத்துக்குரியது. அழுத்தம் தாழ்ந்திருக்கும்போதே எல்லாம் உலர்ந்ததாகக் கருதி மூக்கை அடைத்துவிட்டால், பின்னர் அழுத்தம் ஏறும்போது மறைந்திருந்த குழாய் திறந்துகொள்ளும். அடைப்பதற்கு முன் அழுத்தத்தை இயல்புக்குத் திரும்ப விட்டுக் கசிவைச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

மதிப்பீடு

மேற்கண்டவற்றை எடைபோட்டால் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் தலையை உயர்த்துதல், இடத்திலேயே குழாய்ச் சுருக்கம், நரம்பு மரப்பு. அடுத்துப் போதிய மயக்கமும் வலிநீக்கமும். அதன்பின் துடிப்பை 60-ஐ ஒட்டிக் கொண்டுவருதல். இவ்வளவும் செய்தபின் புலம் தெளியாவிட்டால் மட்டுமே அழுத்தத்தை மேலும் தாழ்த்துதல். அதுவும் நோயாளியின் வழக்கமான அழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டு. நைட்ரோபுருசைடுக்கு இந்த அறுவையில் இனி இடமிருப்பதாகத் தோன்றவில்லை. ரெமிஃபென்டனில், எஸ்மோலால், டெக்ஸ்மெடிடோமிடின் மூன்றும் தத்தம் இடத்தில் பயன்படுபவை. அவற்றில் எது என்பதை மருத்துவமனையின் வசதியும் நோயாளியின் உடல்நிலையும் அவர் வீடு திரும்பும் நேரமும் தீர்மானிக்க வேண்டும்.

சைனஸ் அறுவை பெரும்பாலும் உயிர் காக்கும் அவசர அறுவையன்று. மூச்சடைப்பும் தலைபாரமும் நீங்க வேண்டும் என்று நடந்துவருபவருக்குச் செய்வது. அவருடைய மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் இரத்தத்தைக் குறைத்துத்தான் மருத்துவரின் திரை தெளிவாகிறது. தெளிவான திரை அவருடைய கண்ணையும் காக்கிறது என்பதால் இது வீண் வேலையன்று. ஆனால் ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு புள்ளிக்காக எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதை இதுவரை வந்த ஆய்வுகள் நேராகக் கேட்கவில்லை. இனி ஆய்வேடு எழுதப்போகும் மாணவர் இன்னொரு மருந்து இணையை ஒப்பிடுவதைவிட, அழுத்தம் தாழ்த்தாத குழு ஒன்றைச் சேர்த்து, விழித்தபின் நோயாளியின் வலியையும் தெளிவையும் அளந்தால் அது பயனுள்ள புதிய பங்களிப்பாக அமையும்.